மாமியார் வைத்த மாமரம்

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். ரயிலில் பெங்களூருக்குப் போகிறவர்கள்கூட எங்கள் ஸ்டேஷன் வந்தால் ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டி, "பிரியாணி வாசனை வருகிறதா?" என்று கேட்பார்கள். அதற்கு அடுத்தபடியாகத் தோலும் செருப்பும். நானோ இரண்டையும் விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் நான்கு மாமரங்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு மரத்தில் என்ன கதை இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் மரம் இல்லாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாம்பழத்தை நறுக்கி, கொட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வண்டு ஜம்மென்று நடந்து வருவதைப் பார்த்து அலறியிருப்பீர்கள் அல்லவா? அந்த வண்டுக்கும் இந்தக் கதையில் ஒரு வேஷம் உண்டு.

நான்கில் இரண்டு நீலம், ஒன்று கிளிமூக்கு. நான்காவது பங்கனப்பள்ளி. அதுதான் என் மாமியார் வைத்த மரம். என் கணவர் கைக்குழந்தையாக இருந்தபோது குடியாத்தத்தில் ஒட்டுக் கன்று வாங்கி, இடுப்பில் பிள்ளையும் மடியில் கன்றுமாக பஸ்ஸில் வந்தாராம். வழியில் இறங்கும் அவசரத்தில் யாரோ கன்றின் நுனியை ஒடித்துவிட, அத்தை போட்ட சத்தத்தில் கண்டக்டரே டிக்கட் காசைத் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை எங்கள் குடும்பத்தில் உண்டு. காசு விஷயம் எனக்கு நம்பிக்கை இல்லை. சத்தம் போட்டிருப்பார், அதில் சந்தேகமே இல்லை.

2018ஆம் வருஷம் இந்த நான்கு மரங்களுக்கும் ஏதோ வந்துவிட்டது. நீல மரங்களின் இலையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்தன. பூ கொத்துக் கொத்தாகப் பூத்தது; அப்படியே காய்ந்து கொட்டியது. கிளிமூக்கில் பழுத்த பழத்தை அறுத்தால் உள்ளே புழு நெளிந்தது. பங்கனப்பள்ளியோ இலை ஓரமெல்லாம் தீய்ந்து, எண்ணெய்ச் சட்டியில் விட்ட அப்பளம் மாதிரி சுருண்டது. அத்தை கண் திருஷ்டி என்று சொல்லிப் பூசணிக்காய் கட்டினார். பூசணிக்காயும் அழுகிற்று.

அந்தச் சமயம் பார்த்துச் சென்னையிலிருந்து என் மூத்த மைத்துனர் வந்தார். கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினார். "காய்க்காத மரத்தை வெச்சுக்கிட்டு இன்னா பண்றது? வெட்டிட்டு மூணு போர்ஷன் கட்டினா, ஷூ கம்பெனியில வேலை செய்யறவங்க வாடகைக்கு வருவாங்க. மாசாமாசம் பணம்" என்றார். கணக்கு சரியான கணக்குத்தான். என் பெண்ணின் படிப்புச் செலவை நினைத்தால் எனக்கே சபலம் தட்டியது.

அத்தை முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மரம் இன்னாடா தப்பு பண்ணிச்சு? ஒடம்பு சரியில்லாம கெடக்குது. எனக்கு ஒடம்பு சரியில்லாட்டியும் வெட்டிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார். மைத்துனர் வாயை மூடிக்கொண்டார். "இன்னும் இரண்டு வருஷம் பார்ப்போம்" என்று என் கணவர் சமாதானம் சொன்னார். இப்படியாக நாலு மரத்துக்கும் இரண்டு வருஷ வாய்தா கிடைத்தது.

வைத்தியத்தை நான் ஏற்றுக்கொண்டேன். சகோதரிகளே, முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2019 தை மாதம், மரம் முழுக்கப் பூத்துக் குலுங்குகிற நேரத்தில், மருந்துக் கடையில் போய், "மாமரத்தில் பூச்சி" என்றேன். என்ன பூச்சி என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. ஒரு டப்பாவைக் கொடுத்தார். என் கணவர் விசைத்தெளிப்பானை வாடகைக்கு எடுத்து, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், காலை பத்து மணி வெயிலில் அடித்துத் தள்ளினார். அன்று சாயங்காலம் அவருக்குத் தலை சுற்றி வாந்தி. மறுநாள் காலையில் நான் கொல்லைக் கதவைத் திறந்தால், சுவர் ஓரத்தில் மிளகைக் கொட்டினாற்போல் கிடந்தது. குனிந்து பார்த்தேன். கொசுத்தேனீக்கள்.

எங்கள் கொல்லைச் சுவர் விரிசலில் பல வருஷமாக ஒரு கொசுத்தேனீக் கூடு இருந்தது. கொட்டாது; மெழுகால் சின்னக் குழாய் மாதிரி வாசல் வைத்திருக்கும். குழந்தைகளுக்கு இருமல் என்றால் அத்தை அதிலிருந்துதான் ஒரு சொட்டுத் தேன் எடுப்பார். அத்தை ஒன்றும் பேசவில்லை. விளக்குமாற்றால் கூட்டாமல், கையாலேயே முறத்தில் அள்ளிக் கொண்டு போய் மண்ணில் போட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அதோடு போகவில்லை. இரண்டு வாரம் கழித்து என் எட்டு வயதுப் பெண் மரத்தடியில் விழுந்த பிஞ்சை உப்பு மிளகாயோடு தின்றுவிட்டு வந்து நின்றாள். டாக்டரிடம் ஓடினோம். பயமில்லை என்று அவர் சொன்னபிறகும் அன்று ராத்திரி முழுவதும் நானும் அத்தையும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் மாவடு போடவில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்: பூச்சிமருந்து டப்பாவின் மேல் வைர வடிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப் பாதியின் நிறம்தான் பேசுகிற நிறம். சிவப்பு என்றால் மகா கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை என்றால் விஷம் குறைவு. எங்கள் டப்பாவில் மஞ்சள். புடவைக் கடையில் முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நான், இதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இன்னொன்று: மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது ஈக்களும் தேனீக்களும்தான். நன்றாகப் பூத்திருக்கும்போது மருந்து அடிப்பது, கல்யாணத்தன்று புரோகிதரை விரட்டுவது மாதிரி. அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது மொத்தம் ஒரு கூடை காய்.

வேலூர்ச் சாலையில் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. "நானும் வரேன், மார்க்கபந்தீஸ்வரரைப் பார்த்து நாளாச்சு" என்று அத்தையும் கிளம்பினார். நாலு மரத்திலிருந்தும் கிளைகளை ஒடித்து, துணிப்பையில் வைத்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக்கு நாலு நோயாளிகளை அழைத்துப் போகிற மாதிரி. அங்கே இருந்த ஒரு பெண் அதிகாரி, "பரவாயில்லையே, மருந்து பெயரோடு வராமல் இலையோடு வந்திருக்கிறீர்களே!" என்று சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீலத்தின் கறுப்பு இலையை எடுத்து விரலால் தேய்த்தார். கறுப்பு, தோலாக உரிந்து வந்தது. அடியில் இலை பச்சையாகவே இருந்தது! "இது நோயே இல்லை. மேலே படிந்த கரும்பூசணம். எங்கே சர்க்கரை கிடைக்கிறதோ அங்கே வரும்" என்றார். சர்க்கரை எங்கிருந்து வந்தது? தத்துப்பூச்சியிடமிருந்து. ஆப்பு மாதிரி முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகிய, அரிசியைவிடச் சின்னப் பூச்சி. பூங்கொத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைத் தேன் மாதிரி கழிக்கும். பூ கருகும், இலை பிசுபிசுக்கும், பிசுக்கில் பூசணம் பிடிக்கும். தை மாதம் மரத்தடியில் நின்றால் தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று சத்தம் கேட்குமே, அது இவை தத்துகிற சத்தம்தான். எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன், பனி சொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு!

கரும்பூசணத்துக்கு அவர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டதும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. கஞ்சி! ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, 20 லிட்டராக விளாவித் தெளிக்க வேண்டும். வெயில் அடிக்கிற நாளாக இருக்கவேண்டும். மூட்டம் போட்டிருந்தால் கூடாது. கஞ்சி காய்ந்து ஏடு ஏடாக உரியும்போது பூசணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். வேட்டிக்குக் கஞ்சி போட்டவர் மரத்துக்கும் போடவேண்டியதுதானே! அந்த மாசியில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க, அத்தை அண்டாவில் கஞ்சி காய்ச்சினார். பத்து நாளில் நீலம் குளித்துவிட்டு வந்த மாதிரி நின்றது.

ஆனால் கஞ்சி, கறை போக்கத்தான். பூச்சியைப் போக்க வெளிச்சம் வேண்டும். எங்கள் இரண்டு நீலமும் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு, உள்ளே சூரியனே நுழையாமல் இருட்டிக் கிடந்தன. இந்தப் பூச்சிக்கு அந்த இருட்டும் ஈரமும்தான் மாமியார் வீடு. (அத்தை இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) அறுவடை முடிந்ததும் உள்கிளைகளைக் கழித்தோம். அடுத்த மார்கழியில் பூங்கொத்து தலைகாட்டும்போது, பூ விரிவதற்கு முன்னால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தோம். பூவின்மேல் விபூதி பூசினாற்போல் வெள்ளையாக வந்தால் அது சாம்பல் நோய். அதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். எங்களுக்கு அது ஒரே ஒரு வருஷம்தான் வந்தது.

கிளிமூக்கின் புழு, பழ ஈயின் பிள்ளை. தாய் ஈ முற்றிய காயின் தோலில் ஊசி குத்தி முட்டை வைக்கும். புழு பழத்தைத் தின்னும், பழம் விழும், புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடியும் ஈயாக வரும். ஆகவே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். மரத்தடி மண்ணைக் கோடையில் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும். நாங்கள் அழுகல் பழங்களை வருஷக்கணக்காக மரத்தடியிலேயே தள்ளிக்கொண்டிருந்தோம், எருவாகும் என்று!

இந்த ஈயைப் பிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. 1912இல் பீகாரில் பூசா என்ற ஊரில் ஹௌலெட் என்ற வெள்ளைக்காரப் பூச்சியியல் நிபுணர் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொசுவுக்காகச் சிட்ரனெல்லா எண்ணெயைக் கைக்குட்டையில் தடவிக்கொள்ள, கொசு போய் ஈ வந்து மொய்த்ததாம். அவர் ஆராய்ந்து பார்த்தார். வந்தது அத்தனையும் ஆண் ஈ! மீத்தைல் யூஜினால் என்கிற வாசனைப் பொருளுக்கு ஆண் ஈக்கள் மயங்கும் என்பது இப்படித்தான் தெரியவந்தது. அந்த வாசனையைச் சாப்பிட்ட ஆணைத்தான் பெண் ஈ விரும்புமாம். அத்தர் பூசிக்கொண்டு பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகள் எங்கள் ஊரிலும் உண்டு. இப்போது அந்த மருந்து வைத்த பொறி கடையில் கிடைக்கிறது. ஆண்கள் எல்லாம் பொறியில் போய்விட்டால், பெண் ஈ முட்டை வைத்தும் பிரயோஜனம் இல்லை. துளசியிலும் அதே வாசனைப் பொருள் கொஞ்சம் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, கசக்கிய துளசியை உள்ளே தொங்கவிட்டு, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கட்டினேன். ஓரிரண்டு நாளில் வாசனை போய்விடும், மாற்றவேண்டும். துளசியைக் கொலைக்கு உபயோகிப்பதா என்று அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் கடைப் பொறிக்கே போய்விட்டோம்.

கொட்டை வண்டு கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டையே இல்லாத பழத்துக்குள் வண்டு எப்படிப் போயிற்று? பிஞ்சு கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே தாய் வண்டு அதன் தோலில் முட்டை வைத்துவிடுகிறது. புழு சதையைத் துளைத்துக்கொண்டு இளங்கொட்டைக்குள் போய்விடும். காய் வளர வளர, வந்த வழி ஆறி மூடிக்கொள்ளும். உள்ளே பருப்பைத் தின்று வண்டாகி, வீட்டுக்காரி கத்தியோடு வரும்வரை காத்திருக்கும். சதைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. கொட்டையை மட்டும் கொல்லையில் எறியாதீர்கள். எறிந்தால் வண்டு பட்டை இடுக்கில் ஒளிந்திருந்து அடுத்த பூவுக்கு ஆஜராகிவிடும்.

"மருந்தே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நான் அந்த அதிகாரியைக் கேட்டேன். அவர் பப்பாளிக் கதையைச் சொன்னார். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் மெக்ஸிகோ தேசத்து மாவுப்பூச்சி ஒன்று வந்து சேர்ந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளைப் பஞ்சு போர்த்துக்கொண்டு செத்தன. அடித்த மருந்துக்கு அது அசையவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை பெங்களூருக்குத் தருவித்து, வளர்த்து, தமிழ்நாட்டில் விட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அத்தனை சிறிய குளவி. அதில் ஒன்று மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைத்து, சில மாதங்களில் பல இடங்களில் அதை அடக்கிவிட்டது. கண்டபடி மருந்து அடித்த தோட்டத்தில் அந்தக் குளவி பிழைக்குமா?

கடைசியாகப் பங்கனப்பள்ளிக் கிளை. அவர் அதை அதிக நேரம் பார்த்தார். முதிர்ந்த இலைகள் நுனியில் ஆரம்பித்து ஓரமாகச் செங்கல் நிறத்தில் தீய்ந்திருந்தன. புள்ளி இல்லை. பிசுக்கு இல்லை. இலையைத் திருப்பினால் ஒரு பூச்சியும் இல்லை. "இந்த மரத்துக்கு என்ன தண்ணீர் விடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

அத்தைதான் பெருமையாகப் பதில் சொன்னார். "போர் தண்ணிதாம்மா. மத்த மரத்துக்கு ஊத்தறதில்ல. இதுக்கு மட்டும் கோடையில தெனம் பத்து குடம் நானே ஊத்துவேன். என் கையால வெச்சதாச்சே."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். பதனிடுமுன் அந்த உப்பைக் கழுவ வேண்டும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. ஆனால் உப்பு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுக அந்த உப்புத் தண்ணீர் பல வருஷம் மண்ணில் இறங்கிற்று. வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சாதாரணச் சுத்திகரிப்பில் அழுக்குப் போகும், உப்புப் போகாது. 2025 ஜனவரியிலும் கோர்ட் இதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இதை எழுதுகிற என் வீட்டு அரிசியும் செருப்புக் கம்பெனிச் சம்பளத்தில்தான் வேகிறது. ஆகவே நான் யாரை நோக்கி விரல் நீட்டுவேன்?

தண்ணீரைச் சோதித்தோம். குடிக்கிற தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்று கணக்கு. எங்கள் போர் அந்த 2,000ஐயும் தாண்டியிருந்தது. மாமரத்துக்கு உப்பு ஆகாது. ஊற்றாத மூன்று மரத்துக்குப் பூச்சி; ஊற்றி வளர்த்த மரத்துக்கு உப்பு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை வாயே திறக்கவில்லை. பள்ளிகொண்டா தாண்டியதும், "அப்ப நான்தான் அதுக்கு வெஷம் வெச்சேனா?" என்றார். "நீங்க இல்லை அத்தை, தண்ணி" என்றேன். "ஊத்தினது நான்தானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பதினைந்து வருஷத்தில் அப்படி நான் செய்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து போர் தண்ணீர் நின்றது. மொட்டை மாடி மழைத் தண்ணீரைக் குழாய் வைத்து அந்த மரத்தின் பாத்திக்கே விட்டோம். உப்பை மண்ணில் கீழே தள்ள நல்ல தண்ணீரைத் தவிர வேறு மருந்து கிடையாது. தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடி வைத்தோம். 2019 கார்த்திகையில் எங்கள் ஊர் வேலூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. மரம் எந்த ஜில்லாவுக்கும் போகாமல் அப்படியே நின்றது. துணி துவைக்கும் கல் பக்கத்துக் கிளைகள் இரண்டு பட்டே போயின, அறுத்தோம். இரண்டு வருஷ வாய்தாவும் முடிந்தது. மைத்துனர் போனில் பேசும்போதெல்லாம் கொல்லையைப் பற்றி விசாரித்தார்.

2021 நவம்பரில் பாலாறு வந்தது. வந்தது என்றால், மணலைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள் இது என்ன என்று கேட்கும்படி, கரை புரண்டு வந்தது. எத்தனையோ பேருக்கு அது துன்பம். வீடு வாசல் இழந்தார்கள். எங்கள் பாத்தியில் நாள் கணக்காக மழைத் தண்ணீர் நின்று வடிந்தது. அடுத்த சித்திரையில் பங்கனப்பள்ளியில் தாமிர நிறத்தில் துளிர் விட்டது. அத்தை தினம் காலையில் இலை ஓரங்களைத் தடவித் தடவிப் பார்ப்பார், குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

முடிவில் மைத்துனருக்கும் அத்தைக்கும் ராஜியாயிற்று. கிளிமூக்கு நின்ற இடத்தில் ஒரே ஒரு போர்ஷன் கட்டினோம், கிளிமூக்கு போயிற்று. வருத்தம்தான். என் பெண்ணின் படிப்புக்கு அந்த வாடகை உதவுகிறது என்பதும் உண்மை.

2024இல் பங்கனப்பள்ளி பாதி மரமாக நின்று, இருபத்தேழு பழம் கொடுத்தது. அத்தை ஒவ்வொன்றாக எண்ணி, முதல் ஆறு பழத்தை வைக்கோலில் சுற்றி மூத்த பிள்ளைக்கு அனுப்பினார். இரண்டு நாளில் சென்னையிலிருந்து போன் வந்தது.

"அம்மா! பழம் பிரமாதம். ஆனா ஒரு கொட்டையில வண்டு குடியிருக்கு. ஆளையும் சேர்த்தா அனுப்பறது?"

அத்தை யோசிக்கவே இல்லை. "இருந்தா இன்னாடா? அதுகிட்டயும் வாடகை வாங்கிக்கோ!" என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போனார்.